பரதேசி குடியானவனான வரலாறு: கோட்கர் மலையூரில் சாமுவேல் ஸ்டோக்ஸ்

பரதேசி என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கியவன் என்பது ஒரு பொருள். உடைமையின்றி ஊர்தோறும் அலைந்து இரந்துண்பவன் என்பது மற்றொரு பொருள். தன் மனைவியை அடக்கம் பண்ணுவதற்கு ஏத்தின் புத்திரரிடம் நிலம் கேட்டு நின்ற ஆபிரகாம் தன்னைப் பரதேசி என்று கூறிக்கொண்டதாக நம் பழைய திருமறை மொழிபெயர்ப்பு உரைக்கும்போது முதற்பொருளே கருதப்படுகிறது. நம் தெருக்களிலோ அச்சொல் இரண்டாம் பொருளில் வழங்கி, காலப்போக்கில் வசைச்சொல்லாகவும் இழிந்துவிட்டது. இதற்கு எதிர்நிலையில் நிற்பது குடி என்னும் சொல். குடியிருப்பு, குடித்தனம், குடியானவன், குடிவழி ஆகிய சொற்களெல்லாம் ஓரிடத்தில் ஊன்றி நிலைத்த வாழ்வைக் குறிப்பன. பரதேசி ஒருவன் குடியானவன் ஆவது எப்படி? ஆனபின் அவனுக்கும், அவனைப் பெற்று வளர்த்த திருச்சபைக்கும் இடையே நிகழ்வது என்ன? இவ்வினாக்களுக்கு விடைதேடும் நோக்குடன் ஒருவர் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அவர் சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ். அமெரிக்கர். 1904இல் தம் 21ஆம் வயதில் தனியராய் இந்தியாவுக்கு வந்து, 1946இல் இறக்கும்வரை இமயமலைச் சிற்றூர் ஒன்றையே தம் ஊராகக் கொண்டு வாழ்ந்தவர். தமிழ்க் கிறிஸ்தவர் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் அவரோடு உடன்பணி செய்த இருவரை நாம் நன்கறிவோம். ஒருவர் சாது சுந்தர்சிங். மற்றவர் 1929 முதல் 1938 வரை திருநெல்வேலியில் அத்தியட்சராய்ப் பணியாற்றிய ஃபிரடெரிக் ஜேம்ஸ் வெஸ்டர்ன். இவ்விருவரையும் நினைவிற்கொண்ட நாம் மூன்றாமவரை மறந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. அக்காரணத்தையும் உரிய இடத்திற் காண்போம்.

வருகை

ஸ்டோக்ஸ் 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பிலடெல்பியா நகர்ப்பகுதியில் பிறந்தார். குடும்பம் குவேக்கர் மரபைச் சேர்ந்தது, செல்வமும் உடையது. தந்தை மின்தூக்கிகளை உருவாக்கும் தொழில் நிறுவனம் ஒன்றின் உரிமையாளர். மூத்த மகன் அத்தொழிலை ஏற்று நடத்துவான் என்பதே வீட்டார் எண்ணம். மகனோ சிம்லா மலைச்சரிவில் உள்ள சபாத்தூ என்னும் ஊரில் தொழுநோயாளர் இல்லத்தை நடத்திவந்த மருத்துவர் கார்ல்ட்டனின் பணியைப்பற்றிக் கேள்வியுற்று, அவருடன் கப்பலேறினார். கல்வியிலோ மருத்துவத்திலோ சிறப்புத் தகுதி எதுவும் அவருக்கு இருக்கவில்லை. நோயாளரின் புண்களைக் கழுவிக் கட்டும் மனமே அவர் கொண்டுவந்த தகுதி.

வந்த மறு ஆண்டிலேயே, 1905 ஏப்ரல் 4ஆம் நாள், காங்க்ரா பள்ளத்தாக்கில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். துயர்துடைப்புப் பணிக்குச் சென்றவர்களில் ஸ்டோக்ஸும் ஒருவர். இக்காலத்திலேயே அவருக்குக் கோட்கர் அறிமுகமாயிற்று.

கோட்கர், சிம்லாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிய மலைச்சரிவில், இந்துஸ்தான் - திபெத் சாலையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர்த் தொகுதி. சுற்றிலும் மலைநாட்டுச் சிற்றரசுகள் இருக்க, இப்பகுதி மட்டும் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்தது. கோதுமையும் மக்காச்சோளமும் வாற்கோதுமையும் படிக்கட்டு வயல்களில் விளைந்தன. நிலம் சிறிது, பனிக்காலம் நீண்டது. 1840களில் அங்கே அருட்பணித்தலம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. தேவாலயமும் பள்ளியும் இருந்தன. ஆயினும் சபையார் எண்ணிக்கை சிறிதாகவே இருந்தது.

இவ்விடத்தில் திருநெல்வேலி வரலாற்றை அறிந்தோர் ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். 1799இல் தோன்றிய முதலூர் தொடங்கி நம் பகுதியில் பல கிறிஸ்தவ ஊர்கள் எழுந்தன. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயர், தெருக்களை வகுத்தும் கிணறு வெட்டியும் ஆலயம் எழுப்பியும் ஊரையே புதுக்கி அமைத்தார். அங்கே வந்தேறியவர் தம்மைச் சுற்றி ஒரு சமூகம் உருவாகக் கண்டார். கோட்கரில் நிலைமை வேறு. ஊர் முன்னரே உண்டு. அதற்குத் தன் தெய்வங்களும் சாதிமுறையும் நிலவுரிமையும் மணவுறவுகளும் உண்டு. வந்தவர் அவ்வூரின் வாசலில் நின்று இடம் கேட்கவேண்டியவராய் இருந்தார்.

துறவுக்கோலம்

முதற்கண் ஸ்டோக்ஸ் தேர்ந்த வழி துறவு. அருட்பணி மாளிகையில் வாழும் ஐரோப்பியருக்கும் ஊராருக்கும் இடையே அகன்ற பள்ளம் இருப்பதை அவர் கண்டார். உணவு, உடை, வீடு, ஊழியர், ஊர்தி ஆகிய ஒவ்வொன்றும் அப்பள்ளத்தை ஆழமாக்கின. ஆகவே 1906-07ஆம் ஆண்டுகளில் தம் உடைமைகளை விட்டொழித்து, அங்கி தரித்து, வெறுங்காலுடன் மலைவழிகளில் நடந்து, கிடைத்ததை உண்டு வாழத் தலைப்பட்டார். அசிசியின் பிரான்சிஸ் அவருக்கு முன்மாதிரி. 1905இல் சிம்லாவில் திருமுழுக்குப் பெற்றிருந்த இளைஞர் சுந்தர்சிங் இக்காலத்தில் அவருடன் சேர்ந்து நடந்தார். சபாத்தூவில் தொழுநோயாளருக்கு இருவரும் பணிசெய்தனர்.

தம் அனுபவத்தை ஸ்டோக்ஸ் 1908இல் இங்கிலாந்தின் அருட்பணி இதழ் ஒன்றில் கட்டுரையாக வரைந்தார். இந்திய மக்களுக்குக் கிறிஸ்துவை விளக்க விரும்புவோர் முதலில் தம் வாழ்முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவருடைய சொல்லைக் கேட்க விரும்பினோர் பலர் இருந்தனர். 1910இல், லெஃப்ராய் லாகூர்ப் பேராயராய் இருந்த காலத்தில், இயேசுவைப் பின்பற்றுவோர் சகோதரக் குழு என்ற பெயருடன் சிறு துறவறக் குழு ஒன்று முறைப்படி தொடங்கப்பெற்றது. டில்லி கேம்பிரிட்ஜ் அருட்பணிக் குழுவைச் சார்ந்த வெஸ்டர்ன் அதில் ஸ்டோக்ஸின் முதன்மைத் தோழர். அவர்களுடைய நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ் அம்முயற்சியைப் பெரிதும் போற்றினார்.

அக்குழு நீண்டகாலம் நிலைக்கவில்லை. ஆயினும் அதன் விளைவைச் சிறிதென்று கொள்ளலாகாது. 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர்-பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், 1922இல் மராட்டிய நாட்டில் ஜாக் வின்ஸ்லோ தொடங்கிய கிறிஸ்து சேவா சங்கம் ஆகியவற்றுக்கு முற்பட்டு, அந்நியரும் இந்தியரும் ஒரே தட்டில் உண்டு ஒரே தரையில் உறங்கும் கிறிஸ்தவ வாழ்வை முயன்று பார்த்தது இக்குழு.

துறவியின் உயர்பீடம்

இத்தகைய நிலையில் ஸ்டோக்ஸ் 1911இல் துறவு வழியை விட்டு விலகத் தீர்மானித்தார். 1912 செப்டம்பரில் கோட்கர்க் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த ஆக்னஸ் என்னும் பெண்ணை மணந்தார். குடும்பச் செல்வத்தின் துணைகொண்டு, தானேதார் என்னும் இடத்தை அடுத்த பாரோபாக்கில் ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கி, வீடு கட்டிக் குடியமர்ந்தார்.

நண்பர்கள் திகைத்தனர். துறவுக்கு உறுதிபூண்டவர் பின்வாங்கினார் என்று கருதியோரும் இருந்தனர். ஆனால் ஸ்டோக்ஸ் எண்ணியது வேறு. துறவுக்கோலம் மக்களோடு தம்மை ஒன்றாக்கும் என நம்பியே அதனை ஏற்றார். அதுவோ அவரை வேறொரு பீடத்தில் ஏற்றிவைத்தது. நம் நாட்டில் துறவிக்கு மதிப்பு மிகுதி. அவன் காலில் விழுவார்கள், உணவு அளிப்பார்கள், ஆசி கேட்பார்கள். ஆனால் அவனிடம் வரப்புத் தகராறு பேசமாட்டார்கள். பெண் கொடுப்பது பற்றியோ கடன் கேட்பது பற்றியோ எண்ணமாட்டார்கள். வெள்ளைத்துறவிக்கோ இம்மதிப்பு இருமடங்காயிற்று. முன்பு துரை என்று ஒதுங்கினவர்கள் இப்போது சாது என்று ஒதுங்கினார்கள். இரு நிலையிலும் இடைவெளி குறையவில்லை.

மேலும், இந்தியரை உடன்பிறப்பு என்று பிரசங்கிக்கும் ஐரோப்பியர், தம் இல்லத்தில் மணவுறவு என்று வரும்போது மட்டும் இனவேறுபாட்டை விடாது பற்றியிருந்தனர். அக்கால அருட்பணிச் சமுதாயத்தில் இது பேசப்படாத சட்டம். அதனைப் பேச்சினால் தகர்க்க இயலாது, வாழ்ந்துகாட்டியே தகர்க்க இயலும் என ஸ்டோக்ஸ் கருதினார். இவ்வகையில் அவருடைய இல்லறம் துறவினின்று வழுவியதன்று. துறவில் தொடங்கிய நோக்கத்தின் அடுத்த படியே எனலாம். வள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறவியலை முன்வைத்துத் துறவறவியலைப் பின்வைத்தார். ஸ்டோக்ஸ் அவ்வரிசையைத் தலைகீழாய் வாழ்ந்தார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தலாகாது. 200 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளராய்க் குடியேறியவர் ஊரின் எளிய உழவரோடு சமநிலையில் நின்றார் என்று கூறவியலாது. மழை பொய்த்தாலும் அவருக்குப் பிலடெல்பியாவில் வீடு உண்டு, தாய் உண்டு, பணம் உண்டு. அயலாருக்கு அவ்வழி இல்லை. குடியேறுதல் என்பது வந்தவன் தன் வலிமையைத் தொலைத்துவிடுவதன்று என்பதற்கு இதுவே சான்று. அவ்வலிமையை எவ்வாறு செலவிட்டான் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

நாற்றும் பள்ளியும்

இக்கேள்விக்கு ஸ்டோக்ஸின் வாழ்வு அளிக்கும் விடை ஒன்று இன்றும் மரமாய் நிற்கிறது. இமாசலப் பகுதியில் ஆப்பிள் மரம் அவருக்கு முன்னரே உண்டு. 1870ஐ ஒட்டிக் குல்லுப் பள்ளத்தாக்கில் கேப்டன் லீ என்னும் ஆங்கிலேயர் தோட்டம் அமைத்திருந்தார். ஆயின் அவர் கொண்டுவந்த இங்கிலாந்து வகைகள் புளிப்பு மிக்கவை. இந்தியச் சந்தையில் அவற்றுக்கு ஆதரவு குறைவு. ஸ்டோக்ஸ் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஸ்டார்க் சகோதரர் நாற்றுப் பண்ணையிலிருந்து ரெட் டெலிஷியஸ் என்னும் இனிப்பு வகையை வரவழைத்து, 1916இல் பாரோபாக்கில் நட்டார். 1921இல் அவருடைய தாய் கிறிஸ்துமஸ் பரிசாக கோல்டன் டெலிஷியஸ் நாற்றுகளை அனுப்பினார்.

ஆப்பிள் நட்டவுடன் காய்ப்பதன்று. பல ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அதுவரை அந்நிலத்தில் விளையக்கூடிய தானியத்தை இழக்கச் சிறு குடியானவன் துணியமாட்டான். ஆகவே ஸ்டோக்ஸ் முதலில் தம் நிலத்தில் செய்துகாட்டினார். பின்னர் நாற்றுகளை அயலாருக்கு வழங்கி, ஒட்டுக்கட்டவும் கவாத்துச் செய்யவும் பழக்கினார். அயலார் தயக்கம் படிப்படியாக நீங்கியது. இன்று இமாசலப் பிரதேசத்தின் மலையூர்களில் பல ஆப்பிளைக்கொண்டே வாழ்கின்றன. இந்தியாவில் காஷ்மீருக்கு அடுத்த நிலையில் ஆப்பிள் விளைவிப்பது அம்மாநிலமே.

இவ்வளர்ச்சியையும் கண்ணை மூடிக்கொண்டு போற்றுதல் கூடாது. டெலிஷியஸ் வகை மரம் பூத்துக் காய்க்கப் பனிக்காலத்தில் ஏறத்தாழ 1000 மணி நேரம் கடுங்குளிர் தேவை. குளிர் குறைந்துவரும் இக்காலத்தில் தாழ்ந்த சரிவுகளில் உள்ள தோட்டங்கள் நலிவதைக் காண்கிறோம். ஒரே பயிரை நம்பிய ஊர்களின் இடர் அது. மேலும், தோட்டத்தின் பயன் முதன்மையாக நிலம் உடையோருக்கே சென்றது. இன்று அத்தோட்டங்களில் பழம் பறிக்கவும் பெட்டி சுமக்கவும் நேப்பாளத்திலிருந்து தொழிலாளர் வருகின்றனர். கோட்கர் மலையின் இன்றைய பரதேசிகள் அவர்களே.

தாரா என்னும் மகன் சிறுவயதிலேயே நோயுற்று இறந்தபின், 1924இல் அவன் பெயரால் ஸ்டோக்ஸ் ஊர்ப்பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஒன்றை நிறுவினார். ஆபிரகாம் தான் வந்து தங்கிய நாட்டில் முதன்முதல் விலைகொடுத்து வாங்கியது கல்லறை நிலம் என்பதை நாம் அறிவோம். பரதேசியை ஓர் ஊரோடு பிரிக்கவியலாதபடி பிணைப்பது பெரும்பாலும் அங்கே அவன் அடக்கம் செய்தவர்களே. தாராவின் பள்ளியும் அத்தகையதே.

பேகார்

இரண்டாவது விடை பேகார் என்னும் கட்டாய உழைப்பை எதிர்த்த போராட்டம். இந்துஸ்தான் - திபெத் சாலையில் அதிகாரிகளும் வேட்டைக்கு வருவோரும் சுற்றுலா வருவோரும் செல்லும்போது, அவர்தம் பெட்டி படுக்கைகளைச் சுமக்க ஊரார் முறைவைத்து ஆள் அனுப்பவேண்டும். அறுவடைக்காலமாயினும் மறுக்கவியலாது. கூலி அற்பமாகவோ இல்லாமலோ இருந்தது. சாலையை ஒட்டியிருந்த ஊர்களுக்கு அது தீராத சுமை.

ஸ்டோக்ஸ் தொடக்கத்தில் அரசுக்கு எதிரானவர் அல்லர். முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர் பக்கம் துணைநின்றவர். 1919இல் பஞ்சாபில் நேர்ந்த கொடுமைகளுக்குப் பின் அவருடைய நோக்கு மாறியது. பேகார் பற்றிய செய்திகளைத் தொகுத்து, அதிகாரிகளுக்கு விண்ணப்பங்கள் எழுதி, செய்தித்தாள்களில் கட்டுரைகள் வெளியிட்டு, இறுதியில் ஊராரை ஒன்றுதிரட்டிச் சுமக்க மறுக்கும் உறுதிக்குக் கொண்டுவந்தார். 1921இல் கோட்கர்ப் பகுதியில் அம்முறை முடிவுக்கு வந்தது. அவர் வெள்ளையர் என்பதால் அதிகாரி அவருக்குச் செவிசாய்த்தார் என்பது உண்மை. ஆனால் சுமக்க மறுத்தவர்கள் மலைவாழ் உழவர்களே. தண்டனைக்கு அஞ்சாது நின்றவர்களும் அவர்களே. இப்போராட்டத்தை ஸ்டோக்ஸின் தனிச்செயலாகக் கூறுவது வரலாறாகாது.

1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரசுப் பேரவையில் அவர் கலந்துகொண்டார். கதர் உடுத்தினார். 1921 அக்டோபரில், அரசின் படைப்பணியையும் குடிமைப்பணியையும் விட்டு விலகுமாறு இந்தியரை அழைத்த அறிக்கையில் காந்தியடிகள் முதலானோருடன் கையெழுத்திட்டார். அவ்வாண்டு டிசம்பரில் கைதாகி ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இந்தியரோடு இந்தியராக அவர் உணரத் தலைப்பட்டதே அரசு பொறுக்கமாட்டாத குற்றமாயிற்று என்னும் கருத்துப்படக் காந்தியடிகள் எழுதினார். எனினும் ஸ்டோக்ஸ் தம் சிந்தனையை எவரிடமும் ஒப்படைத்தவர் அல்லர். அந்நியத் துணியைக் கொளுத்தும் இயக்கத்தை அவர் வெளிப்படையாக மறுத்துரைத்தார். அவருடைய அரசியல் கட்டுரைகள் 1920களின் தொடக்கத்தில் சென்னைப் பதிப்பகத்தாரால் நூல்களாய் வெளிவந்தன என்பது தமிழகம் அறியத்தக்கது.

1932

இவ்வாறு 20 ஆண்டுகள் கோட்கரில் இல்லறத்தாராய் வாழ்ந்த ஸ்டோக்ஸ், 1932இல் ஆரிய சமாஜத்தின் வழியே இந்து சமயத்தைத் தழுவிச் சத்யானந்தர் ஆனார். ஆக்னஸ் பிரியதேவி ஆனார். பிள்ளைகளும் இந்துக்களாய் வளர்ந்தனர். 1937இல் தானேதாரில் அவர் எழுப்பிய பரமஜோதி மந்திர், கற்பலகைக் கூரையும் மரவேலைப்பாடும் கொண்ட கட்டடம். உபநிடத வாசகங்களும் கீதை வாசகங்களும் அதன் மரச்சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளன. 1946 மே 14ஆம் நாள், விடுதலைக்கு ஓராண்டு முன்னர், அவர் மறைந்தார்.

1918இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து உரையாற்றிய சாது சுந்தர்சிங்கை நாம் போற்றுகிறோம். அவருடன் நடந்த ஸ்டோக்ஸை மறந்தோம். அதற்குக் காரணம் இந்த 1932ஆம் ஆண்டே என்று கொள்ளலாம். அவ்வாண்டில் அவருடைய பழைய தோழர் வெஸ்டர்ன் பாளையங்கோட்டையில் அத்தியட்சராய் இருந்தார். ஒரே குழுவில் தொடங்கிய இருவரில் ஒருவர் திருநெல்வேலித் திருச்சபையின் தலைமைப் பொறுப்பிலும், மற்றவர் திருச்சபைக்கு வெளியிலும் நின்றனர்.

ஸ்டோக்ஸின் மாற்றத்துக்கு இரு எளிய தீர்ப்புகள் உண்டு. மக்களோடு மிக நெருங்கினால் இப்படித்தான் முடியும், ஆகவே மிஷனெரி ஓர் எல்லைக்கு அப்பால் போகலாகாது என்பது ஒன்று. திருச்சபை அவரைத் தள்ளிவிட்டது, ஆகவே குற்றம் முழுவதும் திருச்சபையுடையது என்பது மற்றொன்று. இரண்டும் வரலாற்றுக்குப் பொருந்தா.

முதலாவது ஏன் பொருந்தாது? ஸ்டோக்ஸ் நெருங்கியதால் மட்டும் விலகவில்லை. நித்திய தண்டனைக் கோட்பாட்டை அவர் உள்ளம் ஏற்கவில்லை. உபநிடதங்களையும் கீதையையும் பல ஆண்டுகள் வடமொழியிலேயே பயின்றார். 1931இல் தம் மெய்யியல் சிந்தனைகளைச் சத்யகாமா என்னும் நூலாக வெளியிட்டார். சிந்தித்து, எழுதி, வெளிப்படையாய் எடுத்த முடிவு அது. அவரோடு கருத்து வேறுபடுகிற நாமும் அதன் நேர்மையை ஐயுறுதல் தகாது. இரண்டாவதும் பொருந்தாது. அவருடைய கோட்பாட்டு வினாக்களுக்குத் திருச்சபையின் வாழ்முறை மட்டும் காரணமன்று.

ஆயினும் கோட்பாட்டோடு மற்றொரு காரணமும் இணைந்திருந்தது. அது பிள்ளைகள். தந்தை அமெரிக்கர், தாய் மலைநாட்டுக் கிறிஸ்தவர் என்றிருக்கையில், அப்பிள்ளைகள் எந்தச் சமுதாயத்தினர்? ஐரோப்பியர் வட்டத்தில் அவர்களுக்குச் சம இடம் இல்லை. மலைவாழ் மக்களின் உறவு வட்டத்திலோ சமயம் குறுக்கே நின்றது. கோட்கர்த் திருச்சபை சில குடும்பங்களின் சபை. தம் பிள்ளைகள் ஊரின் நடுவே குடிகளாய் வேரூன்ற வேண்டும் என அத்தந்தை விரும்பினார். தமக்குக் கிடைத்த குடியுரிமை தம்மோடு முடிந்துபோகலாகாது என்பதே அவர் கவலை. தனியாய் வந்தவன் தன்னளவில் எதையும் தாங்கிக்கொள்வான். அடுத்த தலைமுறையை எண்ணும்போதே தான் எங்கே நிற்கிறான் என்பதை உணர்வான்.

இக்கவலைக்குத் திருச்சபையிடம் விடை இருந்ததா? துறவியான ஸ்டோக்ஸைத் திருச்சபை அறிந்திருந்தது, மேடையேற்றியது, அவருக்குப் பேராயரின் ஆசியும் வாய்த்தது. குடியானவரான ஸ்டோக்ஸை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று அதற்குத் தெரியவில்லை. அவர் சம்பளம் பெறும் மிஷனெரி அல்லர், போதகரும் அல்லர், அறிக்கை அனுப்புபவரும் அல்லர். நாற்று நடுவதும் பேகாரை எதிர்ப்பதும் அக்கால அருட்பணிச் சங்கங்களின் கணக்கில் ஊழியமாய் எண்ணப்படவில்லை. சிறைசென்றதோ சங்கடம் விளைத்தது. அந்த 20 ஆண்டுகளில் அவருக்கு வாய்த்த தோழர் பலர். அவரோடு மண்டியிட்டு, அவர் வினாக்களைத் தம் வினாக்களாய் ஏற்ற விசுவாசக் குழு என்று ஒன்று அமையவில்லை. சகோதரக் குழு கலைந்தபின் அவ்விடம் வெறுமையாகவே இருந்தது. இதனையே நாம் அவருடைய வரலாற்றின் மிகக் கனமான பகுதியாகக் காண்கிறோம்.

நாம் சிந்திக்க வேண்டியவை

இயேசுவைப் பின்பற்றுதல் என்று அவர்கள் தம் குழுவுக்குப் பெயரிட்டார்கள். பின்பற்றும்போது நாம் பெரும்பாலும் நம் ஆண்டவரின் கடைசி மூன்று ஆண்டுகளையே கருதுகிறோம். தலைசாய்க்க இடமின்றி ஊர் ஊராய் நடந்த காலம் அது. அதற்குமுன் ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர் நாசரேத்து என்னும் சிற்றூரில் தச்சன் மகனாய், ஓர் ஊராராய், உறவினர் நடுவே வாழ்ந்தார். மனுவுருவேற்பின் இறையியல் அந்த 30 ஆண்டுகளையும் உட்கொண்டதாகும். ஸ்டோக்ஸ் முதலில் மூன்று ஆண்டுகளைப் பின்பற்றினார். பின்னரே முப்பது ஆண்டுகளின் அருமையைக் கண்டார். நம் பாடத்திட்டங்களிலும் பிரசங்கங்களிலும் நாசரேத்தின் ஆண்டுகளுக்கு எவ்வளவு இடம் உண்டு என்று கேட்டுப்பார்த்தல் நன்று.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா தீர்க்கர் எழுதிய நிருபத்தையும் இங்கே நினைவுகூரலாம். வீடு கட்டுதல், தோட்டம் நாட்டுதல், மணம் செய்தல், பிள்ளைகளுக்கு மணம் செய்வித்தல், தங்கியிருக்கும் பட்டணத்தின் நலனைத் தேடுதல் என்னும் கட்டளைகள் அதில் உள்ளன. ஸ்டோக்ஸ் இவற்றை ஒவ்வொன்றாய் நிறைவேற்றினார் என்றே கூறலாம். ஆனால் அந்நிருபம் தனி ஒருவருக்கு எழுதப்பட்டதன்று. மூப்பர், ஆசாரியர், தீர்க்கதரிசிகள், மக்கள் அனைவரும் அடங்கிய ஒரு கூட்டத்துக்கு எழுதப்பட்டது. அந்நிய மண்ணில் தோட்டம் நாட்டியவர்கள் ஒருவரோடொருவர் கூடித் தொழுதார்கள், கூடியே அழுதார்கள். தனியொருவர் தோட்டம் நாட்டலாம்; தனியொருவராய்ச் சபையாய் இருக்கவியலாது.

இது அயல்நாட்டார் பற்றிய பழங்கதை மட்டும் அன்று. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. ஸ்டோக்ஸ் இந்தியக் கரையில் இறங்கிய அதே 1904இல் அதன் முதல் மிஷனெரி தெலுங்கு நாட்டின் டோர்னக்கல் பகுதிக்குச் சென்றார். அன்றுதொட்டு இன்றுவரை தமிழ்த் திருச்சபைகளிலிருந்து ஆடவரும் பெண்டிரும் வடநாட்டு மலைகளுக்கும் காடுகளுக்கும் பரதேசிகளாய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாமே இப்போது அனுப்புகிறவர்கள். ஆகவே ஸ்டோக்ஸின் வரலாறு எழுப்பும் வினாக்கள் நம்மை நோக்கியவை.

அவற்றுள் மூன்றை மாணவர் சிந்தனைக்கு வைக்கிறோம். முதலாவது, போய்த் தங்குகிறவரின் ஊழியத்தை நாம் எதனைக்கொண்டு அளக்கிறோம்? திருமுழுக்கு எண்ணிக்கை ஒன்றே அளவுகோலாயின், வரப்பும் பள்ளியும் வழக்குமன்றமும் ஊழியக்களம் ஆகமாட்டா. இரண்டாவது, அவருடைய பிள்ளைகளைப் பற்றி நாம் என்ன எண்ணியிருக்கிறோம்? அவர்கள் எம்மொழியில் கற்பார்கள், யாரை மணப்பார்கள், எவ்வூரைத் தம் ஊர் என்பார்கள் என்னும் வினாக்கள் குடும்பத்தாருடைய சொந்தக் காரியங்கள் என்று ஒதுக்கத்தக்கவையல்ல. மூன்றாவது, அவருக்குள் எழும் ஐயங்களை அச்சமின்றி எடுத்துரைக்க அவருக்கு யார் உண்டு? அனுப்பிய சங்கத்துக்கு எழுதினால் ஆதரவு நின்றுவிடும் என்று அஞ்சுகிறவர், ஐயத்தைத் தனியே சுமப்பார். தனியே சுமந்தவர் தனியே முடிவெடுப்பார்.

கோட்கரில் பழைய தேவாலயம் இன்றும் உண்டு. தானேதாரில் ஸ்டோக்ஸ் எழுப்பிய மந்திரும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் அவர் கொண்டுவந்த மரவகை ஆண்டுதோறும் காய்க்கிறது. அம்மரங்களின் கீழ்ப் பெட்டி சுமந்து நிற்கும் நேப்பாளத் தொழிலாளிக்கு அவ்வூரில் வீடு உண்டா, அவன் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உண்டா என்று கேட்பவர் யார்? ஸ்டோக்ஸ் உயிரோடிருந்தால் அதையே கேட்டிருப்பார் என்று அவர் வாழ்வை அறிந்தோர் எண்ணுவதற்கு இடமுண்டு. நம் ஊர்களிலும் வேற்றுமொழி பேசும் தொழிலாளர் கட்டடங்களிலும் ஆலைகளிலும் உணவகங்களிலும் வந்து தங்கியிருக்கிறார்கள். பரதேசியாய்ப் போவதற்கு ஆயத்தமாகும் மாணவர், தம் சபையின் எல்லைக்குள் வந்திருக்கும் பரதேசியின் பெயரை முதலில் கேட்டறிவாராக.